எரிகிறது என்றால் எரிகிறதுதான்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வாய் எரிச்சல். சூடான காப்பியை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறோமே, இரண்டு நாளில் ஆறிவிடுகிறதே, அதைச் சொல்லவில்லை. வாய்ப்புண் வந்து ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டுப் போகிறதே, அதையும் சொல்லவில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில், காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை நாக்கின் நுனியிலும், கீழ் உதட்டின் உட்புறத்திலும், மேலண்ணத்தின் முன்பகுதியிலும் விடாமல் எரிகிற எரிச்சல் ஒன்று இருக்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் புண் இல்லை, வீக்கம் இல்லை, வெள்ளைப் படலம் இல்லை. நாக்கு நல்ல நிறத்தில், நல்ல ஈரத்தில் இருக்கிறது. ஆனால் எரிகிறது. பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை. படுகிறவருக்குத் தாங்க முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த பெண்கள். அவர்களுக்காக வாதாடத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

முதலில் நம்முடைய மொழியைக் கொஞ்சம் கவனியுங்கள். 'எரிச்சல்' என்ற ஒரே சொல்லை உடம்புக்கும் வைத்திருக்கிறோம், மனசுக்கும் வைத்திருக்கிறோம். மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிகிறது. ஒருவருடைய பேச்சு பிடிக்காவிட்டால் எரிச்சலாக வருகிறது. அடுத்த வீட்டுக்காரர் புது வீடு கட்டினால் சிலருக்கு வயிறே எரிகிறது. அழகான சொல்தான், ஆனால் நோயாளிக்கு இது பெரும் சோதனையாகிவிடுகிறது. "வாயெல்லாம் எரியுதுப்பா" என்று ஒரு தாய் சொல்கிறார். கேட்கிற மகன் காதில் "அம்மாவுக்கு மனசு சரியில்லை" என்று விழுகிறது. "உடம்பு சூடும்மா, மோர் குடிங்க" என்கிறான். பக்கத்து வீட்டு அக்கா மணத்தக்காளிக் கீரை சமைக்கச் சொல்கிறார். மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளெக்ஸ் தருகிறார்கள். எதிலும் அடங்காதபோது, எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: எல்லாம் அவருடைய நினைப்புதான். இந்த முடிவு தவறு. நாக்கில் ஒன்றும் தெரியவில்லை என்பது வலி பொய் என்பதற்குச் சாட்சி ஆகாது. வேறு இடத்தில் தேடு என்று நமக்குச் சொல்லும் சாட்சி அது. இதைத்தான் இன்று நான் நிறுவ விரும்புகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் தேட வேண்டியவற்றை ஒழுங்காகத் தேடியாக வேண்டும். காரணம் தெரியாத எரிச்சல் என்ற பெயரை எடுத்த எடுப்பில் ஒட்டிவிடக் கூடாது. எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்த பிறகு, கடைசியாகச் சூட்ட வேண்டிய பெயர் அது. தேடலை எங்கிருந்து தொடங்குவது? காசு செலவில்லாத ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். சாப்பிடும்போது எரிச்சல் கூடுகிறதா, குறைகிறதா? இந்த ஒரு கேள்விக்கு வரும் விடை பாதி வழியைக் காட்டிவிடும். குழம்பு பட்டதும், ஊறுகாய் பட்டதும் சுரீரென்று ஏறுகிறது என்றால், வாயின் மேல்தோலில் எங்கோ பழுது இருக்கலாம். உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்கே அகப்படும். மாறாக, சாப்பிட உட்கார்ந்தால் அடங்குகிறது, சும்மா இருக்கும்போதுதான் எரிகிறது என்றால் கதை வேறு. அந்த வேறு கதைக்குப் பிறகு வருகிறேன்.

காரம் பட்டால் எரிகிறது என்பவர்களில், நம் நாட்டில், முதலில் கேட்க வேண்டியது பாக்கைப் பற்றி. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் ஒரு விசித்திரமான மாற்றம் பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே மும்பையிலும் அது விவரிக்கப்பட்டது. கன்னத்தின் உட்புறம் வெளிறுகிறது, நார் நாராக இறுகுகிறது, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைகிறது. மருத்துவர்கள் இதை சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். இதன் முதல் முறையீடு என்ன தெரியுமா? வாய் இறுகுவது அல்ல. காரம் சாப்பிட்டால் எரிகிறது என்பதுதான். எரிச்சலைத் தூண்டுவது மிளகாய் என்பதால், நோயைக் கொண்டுவந்ததும் மிளகாய்தானோ என்று ஆராய்ச்சியாளர்களே வெகுகாலம் சந்தேகப்பட்டார்கள். பிறகு தெளிவாயிற்று: மிளகாய் செய்தி சொல்லத்தான் வந்தது, குற்றவாளி பாக்கு. 2004-இல் வெளியான அறிக்கையில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை கலக்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் கண்ட 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஐந்து பேருக்கு வாய்ப் புற்று வந்தது. 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது. ஆனால் கொட்டைப் பாக்குக்கு ஏது தடை? தாம்பூலத் தட்டில் அது மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்த அவையில் இருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்து இப்போது நுழையவில்லை என்றால், எரிச்சல் சிறிதோ பெரிதோ, நாளைக்கே பல் மருத்துவரிடம் போங்கள். பாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள்.

அடுத்து இரத்தம். நாக்கின் மேல்தோல் வேகமாகத் தேய்ந்து வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசு. புதுப்பிக்க இரும்புச் சத்து வேண்டும், ஃபோலிக் அமிலம் வேண்டும், பி12 வேண்டும். இவை குறைந்தால் நாக்கின் சொரசொரப்பு போய் மழமழவென்று சிவக்கிறது. சில சமயம் அப்படிச் சிவப்பதற்கு முன்பே எரிச்சல் தொடங்கிவிடுகிறது. பி12 குறைந்தால் நரம்பும் சேர்ந்து கெடுகிறது. இந்தச் சத்து தாவர உணவில் ஏறக்குறைய இல்லை. பாலும் தயிரும் போதிய அளவு சேராத சைவ உணவுக்காரருக்கு அது குறைவது எளிது. நம் ஊரில் இன்னொரு காரணமும் வீட்டுக்கு வீடு இருக்கிறது: சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை. மிக நல்ல மருந்து, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடும்போது குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது. நெஞ்செரிச்சலுக்காகப் பல ஆண்டு விடாமல் சாப்பிடும் மாத்திரைகளாலும் இதே குறை வரலாம். "அப்படியென்றால் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டால் தீர்ந்ததே, பரிசோதனை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை இதுதான். குடல் உறிஞ்சாமல் குறை வந்தவருக்கு அந்த மாத்திரையில் இருக்கும் சிறிய அளவு போதாமல் போகலாம். ஊசியோ அதிக அளவு மாத்திரையோ வேண்டியிருக்கும். ஃபோலிக் அமிலம் மட்டும் உள்ளே போனால் இரத்தசோகை சரியானது போலத் தோற்றம் காட்டும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கொஞ்சம் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பிறகு இரத்தம் கொடுத்தால் பரிசோதனை முடிவும் குழப்பிவிடும். முதலில் அளக்க வேண்டும், பிறகு கொடுக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இரவிலும் கழற்றாமல் போட்டிருக்கும் பல் செட்டுக்கு அடியில் பூஞ்சை வளர்ந்து மேலண்ணம் எரியும். ஆஸ்துமாவுக்கு மருந்து இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் பூஞ்சை வரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் பூஞ்சை, வறட்சி, நரம்புக் கேடு என்று மூன்று வழியிலும் எரிச்சல் வரலாம். லைக்கன் பிளானஸ் என்ற நோய் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை வலை போல் கோலம் போடும். சரியான வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். தைராய்டு, உமிழ்நீர் சுரப்பிக் கோளாறு, எனலாப்ரில் வகையைச் சேர்ந்த இரத்த அழுத்த மாத்திரைகள், வாயை வறளவைக்கும் வேறு பல மாத்திரைகள், பற்பசையில் சேர்க்கும் லவங்கப்பட்டை வாசனைப் பொருள், நாக்கைப் பல்லில் ஓயாமல் தேய்க்கும் பழக்கம் என்று பட்டியல் நீளும். இவ்வளவையும் பார்க்கச் செலவு மலைபோல் ஆகுமே என்ற அச்சம் வேண்டாம். நல்ல வெளிச்சம், பொறுமையான கேள்விகள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், சில இரத்தப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் நாக்கைச் சுரண்டி ஒரு பூஞ்சைச் சோதனை. பெரும்பாலானவருக்கு இதுவே போதும். ஸ்கேனில் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. வலி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது, மரத்துப்போகிறது என்றால்தான் அந்த வழிக்குப் போக வேண்டியிருக்கும்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. இரத்தம் சரி, சர்க்கரை சரி, பூஞ்சை இல்லை, பாக்கு இல்லை. எரிச்சல் மட்டும் போகவில்லை. இப்போது என்ன சொல்வது? "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்று சொல்வதா? இங்கேதான் நான் சொன்ன அந்த வேறு கதை தொடங்குகிறது. பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இதற்குத் தெளிவான வரையறை இருக்கிறது: நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல், வாயின் தோலில் பழுது எதுவும் தெரியாமல் நீடிக்கும் எரிச்சல். பெயர் பர்னிங் மவுத் சிண்ட்ரோம். ஆக, 'ஒன்றும் இல்லை' அல்ல. பெயர் உள்ள நோய். அதற்குத் தனக்கென்று ஒரு முகமும் இருக்கிறது. நாக்கின் இரு பக்கமும் ஒன்றுபோல் எரிகிறது. காலையில் லேசாக இருந்து, பொழுது ஏற ஏற ஏறுகிறது, மாலையில் உச்சம். பெரும்பாலானவர்களைத் தூக்கத்தில் அது எழுப்புவதில்லை. சாப்பிடும்போது பலருக்கு அடங்குகிறது. வாயில் கசப்போ, இரும்பைச் சப்பியது போன்ற சுவையோ நிற்கிறது. உமிழ்நீர் சரியாகச் சுரந்தாலும் வாய் வறண்டதுபோல் இருக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத, வேறு வேறு நாட்டைச் சேர்ந்த பெண்கள் இதே வர்ணனையைச் சொல்கிறார்கள். மனத்தில் தோன்றும் வெறும் கற்பனை என்றால், இத்தனை பேருக்கும் ஒரே கற்பனை, அதே இடத்தில், அதே நேரக் கணக்கில் எப்படித் தோன்றும்?

வர்ணனை மட்டும் போதாது, கண்ணால் பார்த்த சான்று வேண்டும் என்பீர்கள். தருகிறேன். 2005-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இந்த நோய் உள்ள 12 பேரின் நாக்கிலிருந்தும், நோயில்லாத 9 பேரின் நாக்கிலிருந்தும் மிகச் சிறிய துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நம் நாக்கின் மேல்தோலுக்குள் மயிரிழையைவிட மெல்லிய நரம்பு இழைகள் இருக்கின்றன. சூட்டையும் வலியையும் உணர்த்துபவை அவைதான். நோயுள்ளவர்களின் நாக்கில் அந்த இழைகள் தெளிவாகக் குறைந்திருந்தன. டார்ச் வெளிச்சத்தில் நூறு முறை பார்த்தாலும் அது தெரியாது. தோல் சரியாகத்தான் இருக்கிறது, தோலுக்குள் ஓடும் கம்பி அறுந்திருக்கிறது. "கம்பி அறுந்தால் மரத்துத்தானே போக வேண்டும், ஏன் எரிய வேண்டும்?" என்று கூர்மையானவர்கள் உடனே கேட்பார்கள். நல்ல கேள்வி. சர்க்கரை நோயில் பாத நரம்பு கெட்டவரைக் கேளுங்கள். பாதம் மரத்தும் போகிறது, எரியவும் செய்கிறது. அடிபட்ட நரம்பு மௌனமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மிஞ்சியிருக்கும் இழைகள் காரணமில்லாமலே கூவத் தொடங்கிவிடும்.

இங்கே மிளகாய் மறுபடியும் வருகிறது, இம்முறை நல்ல சாட்சியாக. மிளகாய் பட்டாலும் 'எரிகிறது' என்கிறோம், கொதிநீர் பட்டாலும் 'எரிகிறது' என்கிறோம். நம் முன்னோர் சொல்லைச் சிக்கனம் பிடிக்கவில்லை. நரம்புக்கே இரண்டும் ஒன்றுதான். 1997-இல் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழு, நரம்பிழையின் சவ்வில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு கதவைக் கண்டுபிடித்தது. ஏறக்குறைய 43 டிகிரி சூடு பட்டால் அது திறக்கிறது. மிளகாயின் காரப்பொருள் பட்டாலும் அதே கதவு திறக்கிறது. திறந்தால் மூளைக்குப் போகும் செய்தி ஒன்றே: 'நெருப்பு'. அந்தக் கண்டுபிடிப்புக்காக 2021-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. வாய் எரிச்சல் நோயாளிகளின் நாக்குத் துணுக்குகளை ஆராய்ந்தபோது, மிஞ்சியிருந்த நரம்பிழைகளில் இந்தக் கதவு வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்பட்டது. ஒரு தெருவில் பத்துக் காவலாளிகளில் ஆறு பேர் போய்விட்டார்கள், மிச்சம் இருக்கும் நால்வரும் ஓயாமல் ஆபத்து மணியை அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் தீ இல்லை. ஆனால் மணியோசை பொய்யா? வீட்டுக்குள் இருப்பவர் காதில் அது விழுகிறதே! நாக்கின் தீ அணைந்தே இருக்கிறது, செய்தி மட்டும் எரிகிறது. அந்தச் செய்தியைத்தான் அந்தத் தாய் நமக்குச் சொல்கிறார்.

எல்லாம் நாக்கோடு முடிந்துவிடுகிறதா என்றால், இல்லை. நாக்கின் உணர்வு நரம்பை ஊசி போட்டு மரக்க வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு எரிச்சல் நின்றது; சிலருக்கு நிற்கவே இல்லை. நிற்காதவர்களுக்குப் பழுது இன்னும் மேலே, மூளையின் பக்கம் இருக்கிறது என்று பொருள். ஃபின்லாந்தில் செய்த மூளைப் படப் பரிசோதனைகள், வலியை அடக்கி வைக்கும் வேலையில் பங்குகொள்ளும் டோபமின் என்ற பொருளின் செயல்பாட்டில் இந்த நோயாளிகளிடம் மாறுதல் இருப்பதைக் காட்டின. சுவை நரம்பு வலி நரம்பைக் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது, சுவை நரம்பு தளர்ந்தால் வலி அவிழ்ந்துகொள்கிறது என்பது இன்னொரு கருத்து. வாயில் நிற்கும் அந்த இரும்புச் சுவையை அது ஓரளவு விளக்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஏன் அதிகம் வருகிறது? நரம்பைப் பாதுகாக்கும் ஹார்மோன்கள் அந்த வயதில் சரிவதால் இருக்கலாம் என்கிறார்கள். இவை இன்னும் முடிவான உண்மைகள் அல்ல, ஆய்வில் இருக்கும் விளக்கங்கள். நான் முதலில் சொன்ன இத்தாலிய ஆய்வும் 12 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் நுண்ணோக்கி ஒரு பக்கம், நரம்புச் சோதனை ஒரு பக்கம், மூளைப் படம் ஒரு பக்கம் என்று வேறு வேறு கருவிகள் ஒரே திசையில் கை காட்டும்போது, அந்தத் திசையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது அறிவுக்கு அழகல்ல.

இப்போது மிகப் பெரிய மறுப்புக்கு வருகிறேன். "இந்த நோயாளிகளில் பலருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் இருப்பதாக ஆய்வுகளே சொல்கின்றனவே, அப்படியானால் மனநோய்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இருப்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எது முன், எது பின்? மூன்று வருடம் நாக்கு எரிந்தால் யாருக்குத்தான் மனம் சோராது? போகிற இடமெல்லாம் 'ஒன்றுமில்லை' என்று கேட்டால் யாருக்குத்தான் பதற்றம் வராது? இது புற்றாக இருக்குமோ என்று கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்ப்பவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? சோர்வு வலியை ஏற்றுகிறது, வலி சோர்வை ஏற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று கூட்டிவிடுகின்றன. முதுகுவலியிலும் மூட்டுவலியிலும் இதுவேதான் நடக்கிறது. முதுகு வலிக்கிறது என்பவரிடம் யாரும் 'உன் முதுகு வலிக்கவில்லை, நினைப்புதான்' என்று சொல்வதில்லையே! பேச்சு வழி மனச் சிகிச்சையால் சிலருக்கு எரிச்சல் குறைகிறது. 1995-இல் ஸ்வீடனில் செய்த ஓர் ஆய்வு அதைக் காட்டியது. அதையே சாட்சியாக வைத்து 'பார்த்தாயா, மனம்தான் காரணம்' என்பார்கள். மருந்து எங்கே வேலை செய்கிறதோ அங்கேதான் நோய் பிறந்தது என்பது வாதமாகாது. நெற்றியில் ஈரத்துணி போட்டால் காய்ச்சல் குறைகிறது. அதற்காகக் காய்ச்சல் நெற்றியில் பிறந்தது என்று சொல்வோமா?

"எங்கோ யாருக்கோ வரும் அபூர்வ நோய்க்கு இவ்வளவு பேச்சா?" என்ற கேள்வியும் எழலாம். 1999-இல் ஸ்வீடனில் 1,427 பேரை நேரில் விசாரித்து வெளியிட்ட ஆய்வில் 3.7 சதவீதம் பேருக்கு வாய் எரிச்சல் இருந்தது: ஆண்களில் 1.6, பெண்களில் 5.5 சதவீதம். 2014-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தின் மருத்துவப் பதிவுகளைத் துழாவியபோது கிடைத்தது 0.11 சதவீதம்தான். ஒன்று தேடிப் போய்க் கேட்ட கணக்கு. மற்றது, வந்து, சொல்லி, நோய் என்று எழுதப்பட்டவர்களின் கணக்கு. இடைவெளி முழுவதும் வாய்மூடிச் சகித்தவர்களால் ஆனது என்று வாதிட மாட்டேன். இரண்டு ஆய்வின் அளவுகோலும் வேறு. ஆனாலும் கேட்டால் கிடைக்கும் எண்ணுக்கும் கேட்காவிட்டால் கிடைக்கும் எண்ணுக்கும் இவ்வளவு தூரம் இருப்பதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இத்தாலியில் இன்னொரு குழு, எரிச்சல் தொடங்கியதிலிருந்து சரியான பெயர் கிடைக்கும்வரை எவ்வளவு காலம் ஆகிறது என்று கணக்கிட்டது. சராசரி 34 மாதங்கள். ஏறக்குறைய மூன்று வருடம்! அதற்குள் எத்தனை மாத்திரை, எத்தனை புதுப் பல் செட்டு, எத்தனை நல்ல பற்கள் வீணாகப் பிடுங்கப்பட்டிருக்கும்?

சிகிச்சை என்ன என்று கேட்கத்தான் பலரும் வந்திருப்பீர்கள். காரணம் கண்டுபிடிக்கப்பட்டவருக்கு அந்தக் காரணத்தைத் தீர்ப்பதே சிகிச்சை. பி12 குறைவுக்குப் பி12, பூஞ்சைக்குப் பூஞ்சை மருந்து. நரம்பு எரிச்சல் உள்ளவருக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட மருந்துகளில் முன்னால் நிற்பது குளோனசெபம். வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரை இது. ஆனால் இங்கே பயன்படுத்தும் முறை வேறு. 2004-இல் பிரான்சில் செய்த சோதனையில் ஒரு மில்லிகிராம் மாத்திரையை எரியும் இடத்துக்கு அருகே மூன்று நிமிடம் வாயில் ஊறவைத்து, விழுங்காமல் துப்பச் சொன்னார்கள்; நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம். வெற்று மாத்திரை ஊறவைத்தவர்களைவிட இவர்களுக்கு எரிச்சல் தெளிவாகக் குறைந்தது. கேட்டவுடன் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிவிடாதீர்கள். பழக்கமாகிவிடக்கூடிய மருந்து அது. வயதானவர்களைத் தள்ளாடி விழவைக்கும். மருத்துவர் எழுதி, மருத்துவர் கண்காணித்துத்தான் தர வேண்டும். அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற நரம்புவலி மாத்திரைகளும் சிலருக்கு உதவுகின்றன. அமிட்ரிப்டிலின் வாயை வறளவைக்கும் என்பதால் அளவு பார்த்துத் தர வேண்டும். மிளகாயின் காரப்பொருளை 0.02 சதவீத அளவில் கரைத்து வாய் கொப்பளிக்கவைத்தும் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பத் தட்டினால் அந்த நெருப்புக் கதவு களைத்துப்போகிறது என்பது அதன் தத்துவம். வீட்டு மிளகாய்த் தூளைக் கரைத்து யாரும் முயன்று பார்க்க வேண்டாம். லிப்போயிக் அமிலம் என்ற சத்து மாத்திரை தொடக்கத்தில் பெரிய நம்பிக்கை தந்தது. பின்னால் வந்த சில சோதனைகளில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016-இல், அதுவரை நடந்த 23 சோதனைகளை, 1,121 பேரின் முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டார்கள். எந்தச் சிகிச்சையையும் அடித்துச் சொல்லும் அளவுக்குத் தரமான ஆதாரம் இல்லை என்பதே தீர்ப்பு. இத்தாலியில் 53 நோயாளிகளைச் சராசரியாக ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது முற்றிலும் குணமானவர்கள் இருவர். ஓரளவு குறைந்தவர்கள் 15 பேர். மாறாதவர்கள் 26. கூடியவர்கள் 10. "இப்படிப்பட்ட நோய்க்குப் பெயர் சூட்டி என்ன பயன்? பெயர் சொன்னால் பயம்தானே கூடும்?" என்பது கடைசி மறுப்பு. நான் நேர் எதிராகச் சொல்கிறேன். பெயர் தெரியாதபோதுதான் பயம் கூடுகிறது. இது புற்று அல்ல, புற்றாக மாறவும் மாறாது, நரம்பு செய்யும் கோளாறு என்று ஒருவர் உட்காரவைத்து விளக்கியதும், எரிச்சல் அங்கேயே இருந்தாலும், அதன் மேல் ஏறியிருந்த பாதிப் பாரம் இறங்குகிறது. அடுத்த பல்லைப் பிடுங்குவது நிற்கிறது. அடுத்த ஊர் வைத்தியரைத் தேடி ஓடுவது நிற்கிறது. 53 பேரில் 15 பேருக்குக் குறைந்திருக்கிறதே, அந்தப் பதினைந்து பேரில் ஒருவராக நீங்கள் இருக்கலாம் என்று சொல்லிச் சிகிச்சையைத் தொடங்க முடிகிறது. முழுக்க அணையாவிட்டாலும் பத்துக்கு எட்டாக இருந்த எரிச்சல் நாலாகிவிட்டால், ஒரு பெண் மறுபடியும் நாலு பேரோடு உட்கார்ந்து பேசிச் சிரிக்க முடியும். அது சிறிய காரியமா?

வீட்டிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. அடிக்கடி குளிர்ந்த நீரை ஒரு வாய் வைத்திருங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்கள், ஐஸ் துண்டு சப்புங்கள். சாராயம் கலந்த மவுத்வாஷை விடுங்கள். வாசனை குறைந்த பற்பசைக்கு மாறுங்கள். புகையிலையும் பாக்கும் எந்த வடிவிலும் வேண்டாம். இரவில் பல் செட்டைக் கழற்றிவிடுங்கள். மணத்தக்காளிக் கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை; ஆனால் அதையே சிகிச்சையாக நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஒரு பக்கம் மட்டும் வலி, மரத்துப்போதல், விழுங்கச் சிரமம், காரணமின்றி எடை குறைதல், வாய் திறப்பது சுருங்குதல் என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் இதுவரை சொன்ன ஆறுதல் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. உடனே பல் மருத்துவமனையில் வாய் நோய்ப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எரிச்சல் எந்த மாதம் தொடங்கியது, காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா, தூக்கத்தில் எழுப்புகிறதா, வாயில் வேறு சுவை நிற்கிறதா, பாக்கு உண்டா, பல் செட்டு எத்தனை வருடப் பழசு. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், தினம் துலக்கும் பற்பசையையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடப் போகிற மகனோ மகளோ, அம்மா பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். அவர் வாய் எரிகிறது என்று சொன்னால், எழுதிக்கொள்ளும் மருத்துவரும் 'வாய் எரிகிறது' என்றே எழுதட்டும்.